ஒட்டுபால் ஆன புத்தகங்கள்

எங்கள் ஊரில் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய பொய் "கொள்ளாம்" என்பது. நன்றாக இருக்கிறது என்பதற்கும் கொள்ளாம்தான், சுமார் என்பதற்கும் கொள்ளாம்தான். அட்டையையே திறக்கவில்லை என்பதற்கும் அதைத்தான் சொல்வார்கள். கல்யாண வீட்டுச் சாப்பாடு, மாப்பிள்ளையின் நிறம், புதிதாகப் போட்ட ரோடு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கொள்ளாம் போட்டுவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். என் தொழில் அப்படி.

தொழில் என்றால், வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது. லைப்ரரிக்கு நடந்து வர முடியாத பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வாசலிலேயே புத்தகம் கொடுத்து, வாசித்து முடித்ததைத் திரும்ப வாங்கி வருவதற்கு எங்கள் பக்கத்து லைப்ரரிகளில் ஒரு பெண்ணை வைப்பார்கள். பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில், கேரள எல்லைக்குள் கிடக்கிற எங்கள் ஊருக்கு அந்தப் பெண் நான். இரண்டு துணிப்பைகள் வைத்திருக்கிறேன். வலது தோளில் மலையாளம், இடது தோளில் தமிழ். மலையாளப் பைதான் எப்போதும் கனம்.

அதற்குக் காரணம் உண்டு. இங்கே பாதி வீடுகளில் தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் கொஞ்சுவார்கள், பஸ் போர்டைத் தமிழில் எழுதினால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் என்னைப் போல தமிழ்நாட்டில் விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து இங்கே கட்டிக்கொண்டு வந்த பெண்கள்தான். எங்களுக்கு எழுத்து அங்கே, சோறு இங்கே. என் இடது தோள் பை எங்களுக்காகவே இருந்தது.

அந்தப் பையிலிருந்து அதிகம் வாசித்தவள் ரப்பர் வெட்டுகிற ஒரு அக்கா. என்னைவிட மூத்தவள், அவளும் அந்தப் பக்கத்துக்காரி. சொந்தமாகக் கொஞ்சம் மரம் உண்டு. கணவர் அம்பூரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விடுவார், வெட்டும் பால் எடுப்பும் அக்காவின் பொறுப்பு. ரப்பர் வெட்டைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னே மரத்துக்கு மரம் போய்ப் பட்டையை மெல்லிசாகச் சீவிவிட்டு, கீழே பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டையைச் சரியாக வைத்துவிட்டு வர வேண்டும். பிறகு பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். அது நிறையும்வரை வெட்டுக்காரருக்குக் காத்திருப்புதான். நேரத்துக்குப் போய் எடுத்தால் பாலை ஊற்றி உறைய வைத்து மெஷினில் அழுத்தி ஷீட் ஆக்கலாம். பிந்தினால் வெயிலில் சிரட்டையிலேயே கட்டியாகிவிடும். அதற்குப் பெயர் ஒட்டுபால். அதையும் விற்கலாம், ஆனால் ஷீட்டின் விலை அதற்கு வராது.

அக்கா வாசித்தது இந்தக் காத்திருப்பில்தான். முதலில் நான் கொடுத்தது ஒரு துப்பறியும் நாவல். அதைத் திரும்ப வாங்கப் போனபோது, நான் கேட்டைத் திறப்பதற்குள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏட்டி, ஒனக்க புக்கு என்னைக் கெடுத்துது கேட்டியா!"

புத்தகத்தில் ஏதாவது அசிங்கமாக எழுதியிருக்குமோ என்று பயந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது.

"கொன்னது அந்தத் தம்பிக்காரன்தான்னு எனக்கு பாதியிலேயே தெரியும். ஆனா பிடிபடுதானா இல்லியான்னு பாக்காம எழும்ப முடியுமா? பின்ன போய்ப் பாத்தா எல்லா மரமும் ஒட்டுபால் ஆக்கும். சவம்!"

"அப்போ புக்கு நல்லா இல்லியா அக்கா?"

"நல்லா இல்லாமலா ஒட்டுபால் ஆச்சு? இதுபோல வேற உண்டா?"

அன்றிலிருந்து எங்களுக்குள் அதுவே அளவு. அக்கா ஒரு புத்தகத்தைத் திருப்பித் தரும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஒட்டுபால் ஆச்சா?" நேரத்துக்கு எழுந்துபோய்ப் பால் எடுத்திருந்தால் அந்தப் புத்தகம் தேறவில்லை. கொஞ்சம் பிந்தியிருந்தால் பரவாயில்லை. சிரட்டையில் கட்டியாகியிருந்தால் முதல் தரம். பரிசு கொடுக்கிறவர்கள் கூடித் தீர்மானிக்கிறார்களே, அவர்களில் யாராவது தன் கைக்காசு நஷ்டப்பட்டு ஒரு புத்தகத்தைப் பாராட்டியதுண்டா? அக்கா அப்படித்தான் பாராட்டுவாள். பாராட்டும்போது ஏசவும் செய்வாள்.

வெற்றி பெற வழி சொல்லும் ஒரு புத்தகத்தை ஒருமுறை கொடுத்தேன். அது அடுத்த நாளே திரும்பி வந்தது.

"காலையில அஞ்சு மணிக்கு எழும்புனா பணக்காரன் ஆவலாம்னு எழுதியிருக்கான். நான் கல்யாணம் கழிஞ்ச நாளுலேருந்து நாலு மணிக்காக்கும் எழும்புதேன். அவன் சொல்லியது உள்ளதுன்னா நம்ம ஊரு வெட்டுக்காரன் எல்லாம் இப்ப கப்பலுக்கு முதலாளி."

கவிதைப் புத்தகத்துக்கு அவ்வளவு மோசமான வரவேற்பு இல்லை. "இது கொஞ்சம் நல்ல சாதனம். மரத்துக்க மூட்டுல நிண்ணுகிட்டே ஒண்ணு வாசிச்சு முடிக்கலாம். ஆனா மக்கா, சொல்ல வந்ததைச் சொல்லிட்டா என்ன? பெண்ணு கேட்டு வந்தவன் மாதிரி வாசல்ல நிண்ணு இழுக்கான்."

அக்கா எல்லாம் சரியாகச் சொல்வாள் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு முன்கோபமும் உண்டு, முன்முடிவும் உண்டு. கடைசிப் பக்கத்தை முதலில் வாசிப்பாள். நாய் சாகிற கதை என்றால் தொடமாட்டாள். அட்டையில் தாடையில் கைவைத்து யோசிக்கிற ஆள் படம் இருந்தால், "இவனுக்கு வேற சோலி இல்லியா" என்று அப்படியே பையில் திரும்பப் போட்டுவிடுவாள். அப்படி ஒதுக்கிய ஒரு நாவலின் கதையை வேறு யாரோ சொல்லக் கேட்டு, பிறகு என்னிடமே வந்து, நான்தான் அதை அவளுக்குத் தராமல் மறைத்துவைத்ததாகச் சண்டை பிடித்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அதுவும் ஒட்டுபால் ஆனது.

அவளிடம் தொடங்கிய பழக்கம் மற்ற வீடுகளுக்கும் பரவியது. கொள்ளாம் சொல்கிறவர்களிடம் நான், "எந்தப் பக்கத்துல தூக்கம் வந்துது?" என்று கேட்க ஆரம்பித்தேன். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல யாருக்கும் வரவில்லை.

தனுவச்சபுரம் போகிற ரோட்டில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருந்தார். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு மட்டும்தான் வாசிப்பார், அதுவும் மலையாளத்தில். கொள்ளாம் சொல்வதில் அவர் ராஜா. நான் தூக்கம் வந்த பக்கத்தைக் கேட்ட பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இயாள் ஜீவிதத்தில் ஒரு தடவகூட தோத்ததில்லியா? அப்போ வாசிக்கிற எனக்கு இதுல என்ன எடம்?" என்றார். அன்றைக்குத்தான் அவர் என்னை உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், கடலைப் பற்றிய நாவலை வாங்கி, பாதியில் தந்துவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். "பக்கத்துக்குப் பக்கம் கடலு நீலம், கடலு நீலம்னு எழுதியிருக்கு. எனக்க மாப்பிள கடலுக்க நெறத்தை எங்க பாக்காரு? காத்தைத்தான் பாப்பாரு. இத எழுதினவரு கரையில நிண்ணு எழுதியிருக்காரு." ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ், காதல் நாவல்களை விடாமல் வாங்கி வாசிப்பாள், விடாமல் குறையும் சொல்வாள். "எப்ப பாத்தாலும் இந்தப் பெண்ணு ஜன்னல்லயாக்கும் நிக்கா. துணி எப்ப அலக்குவா? யூனிபார்ம் எப்ப தேய்ப்பா?" சரி, பிடிக்கவில்லை என்றால் வேறு தரட்டுமா என்றால், "வேண்டாம், இதுல ரெண்டாம் பாகம் உண்டா?" என்பாள்.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். என் அனுபவம் நேர் எதிர். குற்றம் சொன்னவர்கள்தான் எனக்கு இந்த ஊரில் சுற்றம் ஆனார்கள். புதுப்பெண்ணாக வந்து, மலையாளத்தில் எழுதிய வாசல் போர்டுகளை வாசிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்ற எனக்கு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்காலி கிடைத்தது இப்படித்தான். வாசித்ததைப் பற்றி மனதில் உள்ளதை ஒருவர் நம்மிடம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மறைக்க அவர்களிடம் அதிகம் ஒன்றும் இருப்பதில்லை. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

எழுத ஆரம்பித்ததும் அவர்களால்தான். இத்தனை பேர் இத்தனை எழுத்தாளர்களைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, இவர்களுக்குத் திட்ட முடியாதபடி நாமே ஒன்று எழுதினால் என்ன என்று ஒரு திமிர் வந்தது. எழுத எனக்கு ஒரே விஷயம்தான் இருந்தது. அது என் அம்மா.

அம்மா கடைசி மாதங்களில் என்னோடு இருந்தாள். உடம்புக்கு முடியாமல் போனபோது காரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், நான் துணைக்குக் கூட இருந்தேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் என் இடது தோள் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாசித்துக் காட்டுவேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இவளுக்க கதையவிட பக்கத்துக் கட்டில்காரிக்க கதை நல்லாருக்கு. அவகிட்ட கேளு," என்பாள். அக்காவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு பேருக்கும் நாக்கில் திரை கிடையாது. அம்மாவை மாமி என்றுதான் அக்கா கூப்பிடுவாள்; வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது கஞ்சி கொண்டுவந்து தருவாள். ஒரு மார்கழி மாதத்தில் அம்மா அங்கேயே இறந்துபோனாள்.

அம்மாவுக்கென்று ஒரு போட்டோவும், பெட்டியில் இரண்டு சேலையும், எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவள் நட்ட ஒரு முருங்கையும்தான் மிச்சம். போட்டோவில் அவள் விறைப்பாக இருப்பாள், அது அவள் இல்லை. அம்மாவை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் அவளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் அந்தப் புத்தகத்தை எழுதினேன். அது உயிரில்லாமல் போனால் அம்மா இரண்டாம் தடவையும் போய்விடுவாள் என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

எழுதி முடித்து, பாறசாலையில் டைப் அடித்து, ஸ்பைரல் போட்டு வாங்கினேன். நாகர்கோவிலில் ஒரு சிறிய பதிப்பகம் போடுகிறோம் என்று சொல்லியிருந்தது. அதற்கு முன்னால் எங்கள் லைப்ரரியில் மாதாமாதம் நடக்கும் புத்தகக் கூட்டத்தில் கடைசி அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார்கள். அம்மா சாகிற அத்தியாயம். வெளியில் மழை கொட்டுகிறது. ஜன்னல் கம்பியில் துளிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு துளியும் விழும்போது அம்மாவின் மூச்சு ஒன்று குறைகிறது. மழை நிற்கிறது, அம்மாவும் நின்றுவிடுகிறாள். நான் வாசித்து முடித்ததும் கைத்தட்டல். விருந்தினராக வந்திருந்த கல்லூரிப் பேராசிரியர் அந்த மழையைப் பற்றி மட்டுமே வெகுநேரம் பேசினார். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றாமலே கொள்ளாம் என்றார். அப்போதே எனக்கு ஒரு சின்ன உறுத்தல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கைத்தட்டல் கேட்ட காதுக்கு வேறு எதுவும் கேட்பதில்லை.

அக்கா கூட்டத்துக்கு வரவில்லை. அவளுக்குக் கூட்டம் ஆகாது. ஸ்பைரல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதல் பக்கத்தில் என் பெயரைத் தடவிப் பார்த்தாள். "எனக்க கூட்டுக்காரி எழுதின புக்கு," என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். வழக்கப்படி கடைசிப் பக்கத்தைத் திறக்கப் போனவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனபோது, அவள் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கயிறு நிறைய வெள்ளை வெளேரென்று ஷீட். ஷீட் ஆகியிருக்கிறது என்றால் நேரத்துக்கு எழுந்துபோய்ப் பால் எடுத்திருக்கிறாள். ஒட்டுபால் ஆச்சா என்று கேட்கவே வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"நல்ல புக்கு மக்கா. முன்னால உள்ளது எல்லாம் ரசமாட்டு வாசிச்சேன். மாமி ஒன்ன அடிச்சது, பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட சண்ட போட்டது. எனக்கு எழும்ப மனசில்ல. பின்ன மழை வந்துது. நான் எழும்பிப் போய்ப் பால் எடுத்தேன்."

"அதுதான் அக்கா முக்கியமான எடம்."

"ஆவலாம்."

"எல்லாரும் அதத்தான் நல்லாருக்குன்னு சொன்னாங்க. காலேஜு சார்கூட."

"சாருக்கு மழையின்னா குடை. எனக்கு மழையின்னா அண்ணைக்கு வெட்டு இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். "இது கதை எழுதுற முறை அக்கா, மழையின்னா வெறும் மழை இல்ல," என்று என்னவோ பேராசிரியர் சொன்னதையெல்லாம் எடுத்து அவளுக்குச் சொன்னேன். அவள் ஷீட்டின் நுனியை இழுத்துச் சரிசெய்துகொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அண்ணைக்கு மழையே இல்ல மக்கா. மழை பெய்திருந்தா நான் ஏன் வெட்டப் போறேன்? வெட்டி, பால் எடுத்து, ஷீட்டுக்கு ஊத்தி வச்சுட்டுத்தானே கஞ்சி கொண்டு வந்தேன். நீ அங்கதான இருந்த?"

இருந்தேன். அதுதான் உண்மை. நல்ல வெயில் அன்றைக்கு. ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் வெயில் விழுந்து, அம்மா காலை இழுத்துக்கொண்டாள். மழையை நான்தான் கொண்டுவந்தேன். ஒரு அம்மா சாகிற அத்தியாயத்தில் மழையாவது பெய்ய வேண்டும் என்று என் பையில் இருந்த புத்தகங்களெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன.

அன்றைக்கு உண்மையில் நடந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. இனி எதுவும் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா தூக்குப் போணியைத் திறந்து, பயறு போட்ட கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு ஸ்பூன் அம்மாவின் வாயில் வைத்தாள். அம்மா நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பில்ல."

"மறந்து போச்சு மாமி. அவசரத்துல உப்பு போட மறந்தேன்."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு கேட்டதில்லியா? ஒரு கஞ்சி வைக்கத் தெரியாது. ஒன்ன எவன் கெட்டினான்?"

"அவரு இப்பவும் அதத்தான் கேக்காரு மாமி," என்றாள் அக்கா.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள், அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சத்தம் கேட்டு ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மா குப்பையிலே, குப்பையிலே என்று முனகிக்கொண்டே கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

உப்பில்லை என்பது ஒரு கடைசிச் சொல்லா? இதை எழுதினால் வாசிக்கிறவர்கள் அம்மாவைச் சாப்பாட்டுக்கு அலைந்தவள் என்று நினைப்பார்களே, நான் சிரித்ததை என்ன நினைப்பார்கள்? அப்படியெல்லாம் யோசித்துத்தான் மழையைப் போட்டேன். அக்கா வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து, மலையாளப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடக்கும்போதுதான், அந்த அத்தியாயத்தில் ஒரு இடத்தில்கூட அம்மா வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்க வாய் ஓயாத என் அம்மாவின் வாயைச் சாகும்போது நான் அடைத்துவிட்டேன்.

பதிப்பகத்துக்குப் போன் செய்து கொஞ்ச நாள் கேட்டேன். மழையை எடுத்தேன். அது சுலபமாகப் போகவில்லை. நல்ல வரிகள் இருந்தன அதில், எனக்கு இப்போதும் மனப்பாடம். வெயிலை எழுதினேன். தூக்குப் போணியை எழுதினேன். அக்கா உப்புப் போட மறந்ததை, அம்மா திட்டியதை, நாங்கள் சிரித்ததை நடந்தபடி எழுதினேன். எழுதும்போது சமையலறையில் தனியாக உட்கார்ந்து இன்னொரு தடவை சிரித்தேன், அழுகையும் வந்தது. அந்தப் பக்கங்களை மட்டும் ஸ்டேப்ளர் அடித்து, ஒரு காலையில் பை சுற்றுக்குப் போகிற வழியில் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் நடந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது உச்சி சாய்ந்துவிட்டது. அக்காவின் மரங்கள் வழியோரத்தில்தான். முதல் மரத்தைத் தாண்டும்போது ஏதோ கண்ணில் பட்டு நின்றேன். சிரட்டை நிறையப் பால். அந்த நேரத்துக்கு அது அங்கே இருக்கக் கூடாது. விரலை வைத்துப் பார்த்தேன், விரல் நனையவில்லை. அடுத்த மரத்துக்குப் போனேன், அதற்கு அடுத்த மரத்துக்கும் போனேன். எல்லாம் கட்டியாகிக் கிடந்தன.

அக்கா மெஷின் இருக்கிற கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். காகிதம் மடியில் இருந்தது. மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை.

"நாசமாப் போவ," என்றாள். "இண்ணைக்கு ஒரு ஷீட்டு இல்ல எனக்கு."

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்குமேல் ஒன்று இல்லை, இனிமேல் கிடைக்கப் போவதும் இல்லை. அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா பிழைத்துக்கொண்டாள் என்று மட்டும்தான் மனதில் ஓடியது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காகிதத்தை விரலால் தட்டினாள்.

"ஆனா ஒரு காரியம் தப்பாட்டு எழுதியிருக்க."

"இனியும் என்ன அக்கா?"

"நான் உப்பு போட மறந்தேன்னு எழுதியிருக்க."

"நீங்கதானே அண்ணைக்கு அம்மாகிட்ட சொன்னிய?"

"சொன்னேன்." அவள் வெளியே மரங்களைப் பார்த்தாள். "உப்பு போட்டேன் மக்கா. வீட்டுல ருசி பாத்துட்டுத்தான் போணியில ஊத்தினேன். மாமிக்கு நாக்குல ருசி போயிருந்துது. அத அவியகிட்ட எப்படிச் சொல்லுவேன்? எனக்க கஞ்சியக் குத்தம் சொல்லியாவது ஒருக்கா சிரிக்கட்டுன்னு விட்டேன்."

எந்த எழுத்தாளனுக்கும் முகதாட்சண்யம் பார்க்காதவள், என் மழைக்கே விட்டுக்கொடுக்காதவள், தன் சமையலைப் பற்றி ஒரு சொல் பொறுக்காதவள், அன்றைக்கு என் அம்மாவுக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருக்கிறாள். இத்தனை வருஷமும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் எழுதியதை வாசித்த பிறகுதான் சொல்ல வேண்டி வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரப்பர்பால் மணத்தது.

"கைய விடு, சோலி கெடக்கு," என்றாள். "எனக்க பாலைக் கெடுத்தவ நீ. வா, வந்து உரி."

இரண்டு பேரும் மரத்துக்கு மரம் போய்ச் சிரட்டையிலிருந்து ஒட்டுபாலைப் பிய்த்துப் பிய்த்துக் கூடையில் போட்டோம். கட்டி வரும்போது சிரட்டையின் வட்டம் அப்படியே அதில் பதிந்திருக்கும். கூடை பாதி நிறைந்தபோது நான் கேட்டேன்.

"உப்பு போட்டதையும் எழுதட்டா அக்கா?"

அவள் கையிலிருந்த கட்டியைக் கூடையில் போட்டாள்.

"எழுது. எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியும்னு நாலு பேரு அறியட்டு."

எழுதிவிட்டேன். அக்காவுக்கு நன்றாகவே கஞ்சி வைக்கத் தெரியும்.